காது இல்லாத ஒலிபெருக்கி

சென்ற மாதம் அவிநாசியில் கோயமுத்தூர் பஸ் ஏறினேன். எனக்கு முன் இருக்கையில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு கிழவி, மடியில் துணிப்பை. அவளுக்குப் பக்கத்தில் கல்லூரிப் படிப்பை அண்மையில் முடித்தவன்போல ஓர் இளைஞன். கையில் ஒரு கட்டுத் துண்டுப் பிரசுரம்.

பஸ் நகர்ந்ததும் இளைஞன் தொடங்கிவிட்டான்.

"பாட்டி, இன்றைக்கே உங்களுக்கு மரணம் வந்தால் எங்கே போவீர்கள், தெரியுமா?"

"எங்க போறது கண்ணு? எங்கூட்டுக்காரரு போன எடத்துக்குத்தான். அவரு போயி ஆறு மாசமாச்சு."

இளைஞன் அங்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பாவத்துக்கும் இரட்சிப்புக்கும் போய்விட்டான். கிழவி நடுவில் ஒருமுறை, "உனக்கு அப்பன் ஆத்தா இருக்காங்களா, சாமி?" என்று கேட்டாள். அதற்கும் பதில் இல்லை. கருமத்தம்பட்டி வந்தது, ஒரு பிரசுரத்தை அவள் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனான். கடமையைச் செய்து முடித்த திருப்தி அவன் முகத்தில் தெரிந்தது.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கள்ளமற்றவன். ஆனால் அவனுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்து அனுப்பியவர்கள்மேல் கோபம் உண்டு. அந்தக் கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கிறிஸ்தவன் அல்ல. பிரசங்கம் செய்கிற பக்கத்தில் இல்லை. கேட்கிற பக்கத்தில் நிற்கிறவன். கேட்கிறவனுக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கலாம் அல்லவா?

இந்த விஷயத்தைப் பேசத் தொடங்கினாலே, "இவர்கள் எதற்காக நம்மிடம் வந்து பேச வேண்டும்? வாயை மூடிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போகட்டுமே!" என்று என் சொந்தக்காரர்களே சொல்லுவார்கள். அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிட வேண்டும். நம் அரசியல் சட்டத்தின் 25-வது ஷரத்து, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு, மதத்தைப் பின்பற்றுவதோடு அதைப் பரப்பவும் உரிமை தருகிறது. இதைப் பற்றி 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காரசாரமான விவாதம் நடந்தது. உரிமை வேண்டும் என்று எழுந்து பேசியவர்களில் நம் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். கிறிஸ்தவர்கள் நடத்திய கல்விக்கூடங்களில் பதினான்கு ஆண்டுகள் படித்தவர் தாம் என்றும், தம்மை மதம் மாற்ற அங்கே யாரும் முயன்றதில்லை என்றும் அவர் சொன்னார். பிற்பாடு 1977-ல் சுப்ரீம் கோர்ட், பரப்பும் உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று தீர்ப்பளித்தது. ஆக, எடுத்துச் சொல்லலாம். ஏற்பதும் மறுப்பதும் கேட்பவன் மனசு. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தான் கண்ட நல்லதைப் பிறரிடம் சொல்லாதே என்று மனிதனைத் தடுக்க முடியுமா? நல்ல நாவல் ஒன்றைப் படித்தால்கூட நாலு பேரிடம் சொல்லுகிறோம்.

இன்னொரு கூட்டம், "ஆசை காட்டி மாற்றுகிறார்கள்" என்கிறது. அந்த எண்ணத்தில்தான் தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004-ல் அது கைவிடப்பட்டது. எங்கேயாவது ஒரு மோசடிக்காரன் ஆசை காட்டியிருக்கலாம். இல்லை என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. ஆனால் கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். 1950-ம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவின்படி தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் முதலில் இந்துக்களுக்கு மட்டுமே இடம். பிறகு 1956-ல் சீக்கியர்களும், 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. நம் சேரிகளில் ஒருவன் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவன் என்று பதிந்துகொண்டால், அந்தப் பட்டியலின் ஒதுக்கீடு அவனுக்குப் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் வரிசைக்கு வந்துவிடுகிறான். கையில் இருப்பதை இழந்துவிட்டு ஒருவன் போகிறான் என்றால், அவனை இழுத்தது ஆசை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாமா? நம் வீட்டுத் திண்ணையில் அவனுக்கு இடம் இருந்ததா என்று ஒருமுறையாவது நாம் கேட்டுக்கொண்டோமா?

இது நம்மவர்களுக்கு. இனி அந்தப் பக்கத்தாரிடம் வருகிறேன்.

ஐயா, உங்கள் உரிமையை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் உரிமை இருப்பதாலேயே பேச்சு கேட்பவன் நெஞ்சில் ஏறிவிடுமா? கூட்டங்களில் ஒலிபெருக்கி, தொலைக்காட்சியில் காலை நேரத்துப் பிரசங்கம், இப்போது கைப்பேசியிலும் ஓயாத பிரசங்கம். இத்தனையிலும் ஒரு குறை உண்டு. ஒலிபெருக்கிக்கு வாய் இருக்கிறது, காது இல்லை. எதிரே இருக்கிறவன் யார், அவன் வீட்டில் என்ன துக்கம், அவன் எதைக் கும்பிடுகிறான், ஏன் கும்பிடுகிறான் என்று அது கேட்பதில்லை. பகிர்வது வேறு, இறைப்பது வேறு. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தால், அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஒரு கைப்பிடி அரிசியாவது போட்டுத்தான் தருவார்கள். அதை வாங்கிக்கொள்ளாமல் வருகிறவனுக்கு மறுபடி அந்த வீட்டில் மரியாதை இருக்காது. மதத்தைப் பகிர வருகிறவர்களும் அந்த ஒரு கைப்பிடியை வாங்கிக்கொள்ளத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இது புதிதாக நான் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. இதே கொங்கு மண்ணில் நடந்த காரியம். கோயமுத்தூருக்கு 1830-ல் லண்டன் மிஷன் வந்தது. அந்த மிஷனைச் சேர்ந்த எச். ஏ. பாப்லி என்ற பாதிரியார் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஈரோட்டில் பணியாற்றினார். அவர் என்ன செய்தார்? தம்முடைய ஊர்ப் பாட்டுகளுக்குத் தமிழ் வார்த்தையை ஒட்டவைத்து நம் காதில் ஊற்றவில்லை. உட்கார்ந்து கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டார். நம் ஜனங்கள் இராமாயணம் கேட்ட அதே கதா காலட்சேப முறையில் கிறிஸ்துவின் கதையைப் பாடிச் சொன்னார். 1921-ல் இந்திய சங்கீதத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1931-ல் திருக்குறளிலிருந்து தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். கொடுக்க வந்தவர், வாங்கவும் வாங்கினார். வாங்கியதைத் தம் நாட்டாருக்கும் எடுத்துச் சொன்னார். அவருடைய மதம் நமக்குச் சம்மதமோ இல்லையோ, அப்படிப்பட்டவர் வாசலுக்கு வந்தால் 'வாங்க, உட்காருங்க' என்று யாரும் சொல்லுவோம்.

என் தொழிலின் மூதாதையையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1879-ல் தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அவர்தாம் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' பாடினார். அதனால் அவருடைய கிறிஸ்தவம் குறைந்துவிடவில்லை. அவர் பாட்டை மற்ற மதத்தாரும் வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் பாஷையும் சங்கீதமும் மட்டும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி நம் சேலம் பக்கம்வரை வந்து போனவர். காவி கட்டினார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். அவர் அளவுக்கு நம்மைக் கவனித்துக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் யார் சொன்னதைக் கேட்டார்? பெரும்பாலும் மேலே இருந்தவர்கள் சொன்னதை. சாதி என்பது உடுப்பைப்போல ஒரு நாட்டு வழக்கம், மதத்துக்கு அதனால் பாதகம் இல்லை என்று ஏற்றுக்கொண்டார். அவருடைய மிஷனில் மேல்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்கு வேறு வகைச் சாமியார் என்று ஏற்பாடு வந்தது. அன்று போட்ட அந்தக் கோடு அழியவில்லை. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாக உத்தரவு போட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்களே அதை எதிர்த்தார்கள். போகட்டும், அது பழங்கதை என்றால், 2008 மார்ச்சில் உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த எறையூரில் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே சாதிக் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்றே, அதுவும் பழங்கதையா?

நம் பக்கம் அவ்வளவு மோசம் இல்லை என்று மார் தட்ட வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் ஒரு கிறிஸ்தவ நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ஜெபம், பாட்டு எல்லாம் சிறப்பாக நடந்தன. சாப்பாட்டுப் பந்தியில் என்னை, வேற்று மதத்தானை, முதல் வரிசையில் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அதே சபையில் ஞாயிறுதோறும் அவர்களோடு பாடுகிற அருந்ததியர் குடும்பம் ஒன்று சுவரோரமாக நின்றுகொண்டிருந்தது. அடுத்த பந்திக்கு அவர்களை யாராவது கூப்பிடுவார்கள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூப்பிடவில்லை. கடைசிப் பந்தியில் தாங்களாகவே போய் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டார் கெட்டவர்கள் அல்ல; ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர்கள். தாங்கள் என்ன செய்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு இலையில் இருந்த சோறு இறங்கவில்லை. என் சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்திலும் இதேதான் நடக்கும் என்று நினைத்தபோது இன்னும் இறங்கவில்லை.

அந்தக் குடும்பத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். மதம் மாறியதால் சர்க்காரின் ஒதுக்கீடு போயிற்று. சாதி மட்டும் கூடவே வந்து கல்யாண வீட்டுச் சுவரோரத்தில் நிற்கிறது. இப்படி இருக்கும்போது, தெருமுனையில் நின்று யாருக்கு நற்செய்தி சொல்லப் போகிறீர்கள்? அந்தச் சுவரோரத்தில் நிற்கிறவரிடம் போய் உட்கார்ந்து, அவர் சொல்லுவதைக் கேட்டீர்களா? அவர் வாயால் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு வந்த பிறகு நீங்கள் பேசினால் ஒலிபெருக்கியே தேவைப்படாது. ஊர் தானாகவே பேசும்: 'அவங்க கூட்டத்துல எல்லாரும் ஒரே பந்தி, தெரியுமா?' என்று. அதைவிடப் பெரிய பிரசங்கம் கொங்கு நாட்டில் இன்னும் ஒருவரும் செய்யவில்லை. எந்த மதத்தாரும் செய்யவில்லை.

"போய்ச் சொல்லுங்கள் என்பது எங்களுக்கு இட்ட கட்டளை, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கட்டளை என்ன ஆகும்?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். நியாயமான கேள்விதான். ஆனால் வைத்தியர்கூட முதலில் 'என்ன செய்கிறது?' என்று கேட்டு, நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்து தருகிறார். வாசலிலிருந்தே மாத்திரையை வீசிவிட்டுப் போகிறவரை யாராவது வைத்தியர் என்பார்களா? கேட்பதும் அந்தக் கட்டளையில் அடங்கியதுதான்.

பஸ்ஸில் விட்ட கதையை முடித்துவிடுகிறேன். இளைஞன் இறங்கிப் போன பிறகு, கிழவி அந்தப் பிரசுரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, என் பக்கம் நீட்டினாள்.

"ஏனுங் தம்பி, எனக்குப் படிக்கத் தெரியாதுங். இதுல என்ன எழுதியிருக்குது?"

வாங்கிப் பார்த்தேன். துயரத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதல் உண்டு என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கணவனையோ மனைவியையோ பறிகொடுத்தவர்கள் தனியாக இல்லை என்று கீழே எளிய தமிழில் நாலு வரி. நல்ல வார்த்தைகள்தாம். மெதுவாக வாசித்துக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

பிறகு சொன்னாள்: "அந்தத் தம்பி இதைச் சொல்லவே இல்லீங்களே!"