எறியுமுன் திறந்து பார்ப்போம்



கல்வி நிறுவனங்கள் பலவற்றில் பழைய மேசைக் கணிப்பொறிகள் கழிவுப் பொருள்களாகக் குவிக்கப்படும் காலம் இது. ‘மெதுவாக இயங்குகிறது’, ‘இடையிடையே நின்றுவிடுகிறது’ என்னும் இரு குற்றச்சாட்டுகளே பெரும்பாலும் அவற்றின்மீது சுமத்தப்பெறுகின்றன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றதும் ‘காலாவதியானது’ என்னும் மூன்றாம் குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. விசாரணையின்றித் தீர்ப்பு வழங்குதல் நீதியாகாது. இம்மூன்றையும் ஆராய்ந்த பின்னரே ஒரு பொறியைத் தள்ளுபடி செய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சியை மாணவர் தம் கைகளாலேயே செய்யப் பழகுதல் வேண்டும். இதுவே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்து.

முதலிரு குற்றச்சாட்டுகளுக்கும் பலவேளைகளில் காரணமாவது வெப்பம். 1981-ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறியின் 8088 செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அதற்கெனத் தனி மின்விசிறி தேவைப்படவில்லை. இன்று மேசைகளில் காணப்படும் செயலிகள் பலவற்றிற்கு 65 வாட் அளவு வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு வேண்டும். சிறியதொரு சிலிக்கான் சில்லில் எழும் இவ்வெப்பம் வெளியேறாவிடில் சில்லு கெடும். ஆதலால் வரம்பை எட்டியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதற்கும் மேற்சென்றால் பொறியையே நிறுத்திவிடுகிறது. நாம் முதுமை என்று கருதுவது பல நேரங்களில் வெறும் காய்ச்சலே!

இக்காய்ச்சலுக்கு மருந்து எளிது. செயலியின்மேல் வெப்பம் கடத்தும் பசையும், அதன்மேல் கடைகளில் ‘கூலர்’ எனப்படும் உலோகத் தகட்டுத் தொகுதியும், அதன்மேல் விசிறியும் அமைந்துள்ளன. ஆண்டுகள் செல்லச் செல்லப் பசை உலர்கிறது, தகடுகளின் இடையே தூசி அடைகிறது, விசிறி தேய்கிறது. மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொண்டு பணியைத் தொடங்க வேண்டும். விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு தூசியை ஊதி அகற்ற வேண்டும். பழைய பசையை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்துவிட்டுச் செயலியின் நடுவே ஒரு பட்டாணி அளவு புதுப்பசை இட்டால் போதும். இரு உலோகப் பரப்புகளுக்கிடையே உள்ள நுண்ணிய காற்றிடைவெளிகளை நிரப்புவதே பசையின் பணி. மிகுதியாக இடுவதால் நன்மை மிகுவதில்லை. இன்டெல் செயலிகளுடன் வரும் கூலரின் நான்கு முளைகளையும் மூலைக்கு மூலை மாற்றி அழுத்திப் பொருத்த வேண்டும். ஒன்று பதியாவிடினும் கூலர் சாய்ந்து நிற்கும், வெப்பம் குறையாது. விசிறியின் மின்னிணைப்பைத் தாய்ப்பலகையில் செருகவும் மறத்தலாகாது.

வெப்பம் தணிந்த பின்னரும் பொறி தளர்ந்தே இயங்கினால் செயலியை மாற்றுவது பற்றி எண்ணலாம். ஆறாம் தலைமுறை இன்டெல் வரிசையில் பென்டியம் ஜி4400 இரு கருக்கள் உடையது. அதே தலைமுறையின் ஐ5-6500 நான்கு கருக்கள் உடையது. இரண்டும் ஒரே தாய்ப்பலகையில் அமரக்கூடியவை. ஆயினும் பொருந்துவன எல்லாம் இயங்கும் என்று எண்ணிவிடலாகாது. ஆறாம், எட்டாம் தலைமுறைச் செயலிகள் இரண்டின் இருக்கைகளுக்கும் 1151 தொடுமுனைகளே. ஆனால் எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசைப் பலகை வேண்டும். எண்ணிக்கை ஒத்திருப்பினும் மின்னமைப்பு வேறு. மேலும் இவ்வகைப் பலகையின் இருக்கையிலுள்ள மெல்லிய ஊசிகளுள் ஒன்று வளைந்தாலும் பலகையே பயனற்றுப் போகக்கூடும். அறிந்து செய்தல் வேண்டும் என்பது இதனாற்றான்.

மூன்றாம் குற்றச்சாட்டிற்கு வருவோம். விண்டோஸ் 11 இன்டெல் வரிசையில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளை ஏற்பதில்லை. ஆதரவு முடிந்த இயங்குதளத்துடன் இணையத்தில் உலவுதல் ஆபத்து என்பதையும் மறுப்பதற்கில்லை. அத்தகைய பொறிகளில் கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸை நிறுவலாம். தமிழ்த் தட்டச்சுக்கும் நூற்பட்டியலுக்கும் அது போதும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 வகைப் பலகைகளின் நிலை இன்னும் நன்று. 2017-ஆம் ஆண்டின் ரைசன் 1000 வரிசைக்காக வாங்கிய பலகைகள் பல, பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தால் 2020-இல் வெளிவந்த ரைசன் 5000 வரிசையையும் ஏற்கின்றன. புதுப்பிக்கும் பணியைப் பழைய செயலி இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். அங்கே செயலி ஒன்றை மாற்றுவதாலேயே பொறி முழுவதும் காலாவதியிலிருந்து மீள்கிறது.

இவ்வளவு முயற்சி எதற்கு என்று வினவுவோர் உளர். நம் கல்லூரிகள் எவ்வாறு எழுந்தன என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று. 1919-இல் வாணியம்பாடியில் தோன்றிய இஸ்லாமியக் கல்லூரியும், 1951-இல் ஜமால் முகமது சாகிபு, காஜாமியான் ராவுத்தர் ஆகிய பெருமக்களின் கொடையால் திருச்சியில் தோன்றிய கல்லூரியும் ஈகையின் விளைவுகள். அவ்வழி வந்த நிறுவனங்களில் உள்ள ஒவ்வொரு பொருளும் நம்மிடம் ஒப்படைக்கப்பெற்ற அமானிதம். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்யும்போதும் நீரை வீணாக்கலாகாது என்று போதிக்கப்பெற்ற சமுதாயம், சிறிது பசையின்றிக் காய்ச்சலுற்ற பொறியைக் குப்பையில் எறிவது தகுமா? 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 விழுக்காடே முறையாகத் திரட்டப்பெற்று மறுசுழற்சி செய்யப்பெற்றதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. அக்கழிவின் ஈயமும் பாதரசமும் சேர்வது நம் மண்ணிலும் நீரிலுமே.

‘இது பொறியாளர் வேலை, தமிழ் மாணவர்க்கு இதில் என்ன தொடர்பு?’ என்பது மற்றொரு வினா. 1206-ஆம் ஆண்டில் பொறிகளைப் பற்றிய நூலை எழுதி முடித்த அல்-ஜஸரி தாமே பொறிகளைச் செய்தவர். பிறரும் அவற்றைச் செய்யுமாறு உறுப்புகளையும் அளவுகளையும் விளக்கி எழுதியமையே அவர்தம் சிறப்பு. கைவினையும் எழுத்தும் அவரிடம் பிரிந்து நிற்கவில்லை. அத்தகைய விளக்கத்தைத் தெளிந்த தமிழில் எழுதுவது தமிழ்த்துறையின் பணியன்றி வேறு எவர் பணி?

எல்லாப் பொறிகளையும் காப்பாற்றிவிட இயலாது. மின்தேக்கிகள் உப்பிய பலகைக்கும் கருகிய மின்வழங்கிக்கும் செலவிடுதல் வீண். அவற்றை 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை. ஆயினும் அம்முடிவு திறந்து பார்த்த பின்னர் எடுக்கப்பெறுதல் வேண்டும். கல்லூரிதோறும் ஒரு பழுதுநீக்கு மேசை அமையட்டும். கணிப்பொறித் துறை மாணவர் கற்பிக்க, பிறதுறை மாணவர் கற்கட்டும். தமிழ்த்துறை அதற்கொரு கையேடு எழுதட்டும். மீட்கப்பெற்ற பொறிகள் சுற்றுப்புறப் பள்ளிகளுக்கும் மதரசாக்களுக்கும் செல்லட்டும். ஒருமுறை கொடுத்த வள்ளலின் ஈகை அவ்வாறு இரண்டாம் முறையும் பயன் தரும். அதற்கு இறைவன் அருள் புரிவானாக!