கொடையென்று பெயர் பெற்ற செலவு

பிரிட்டனையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்த கல்வியாளர்கள் கூட்டாக நடத்தும் ஆய்வுகளுக்கு லண்டன் ஒதுக்கும் பணம் ஆப்பிரிக்க அறிவுலகத்துக்கு அளிக்கப்படும் கொடை என்ற நம்பிக்கை இரு தரப்பிலும் வேரூன்றியிருக்கிறது. கணக்கேடுகளோ வேறு கதை சொல்கின்றன.

2016இல் தொடங்கிய ‘உலகளாவிய சவால்கள் ஆய்வு நிதி’க்கு ஐந்தாண்டுகளுக்கென 150 கோடி பவுண்டு அறிவிக்கப்பட்டது. வளரும் நாடுகளின் நலனை முதன்மை நோக்கமாகக் கொண்டு ஓர் அரசு செலவிடும் தொகையாகிய ‘அலுவல்முறை வளர்ச்சி உதவி’யின் கீழ் அது வரவு வைக்கப்பட்டது. ஆனால் திட்டத்துக்குப் பொறுப்பேற்கும் முதன்மை ஆய்வாளர் பிரிட்டன் நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டுமென்று அந்நிதியின் பெரும்பாலான அழைப்புகள் விதித்ததால், பணம் முதலில் அங்கே சென்று, பிறகே அக்ராவுக்கும் கம்பாலாவுக்கும் துணை ஒப்பந்தங்களாகப் பிரிந்தது. ஆய்வுக்கேள்வியை வகுப்பவரும் பணப்பெட்டியின் சாவியை வைத்திருப்பவரும் ஒருவரே ஆகிவிடும்போது, மறுதரப்புக்கு எஞ்சுவது பெரும்பாலும் தரவு திரட்டும் வேலைதான். இதைக் கூட்டாண்மை என்பதற்குத் தாராள மனம் வேண்டும்.

கொடையின் உறுதி எத்தகையது என்பதை 2021 காட்டியது. மொத்தத் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காடாக இருந்த வளர்ச்சி உதவியை 0.5 ஆகக் குறைக்கப்போவதாகப் பிரிட்டன் அரசு முந்தைய நவம்பரில் அறிவித்திருந்தது. அதன் விளைவாக, ஏற்கெனவே கொடுத்த வாக்குறுதிகளுக்கும் கையிலுள்ள தொகைக்கும் இடையே 12 கோடி பவுண்டு பள்ளம் விழுந்துள்ளதென்று அந்நாட்டின் பொது ஆய்வு நிதி அமைப்பு மார்ச் மாதத்தில் தெரிவித்தபோது, நடந்துகொண்டிருந்த திட்டங்களே சுருக்கப்பட்டன அல்லது நிறுத்தப்பட்டன. அம்முடிவில் ஆப்பிரிக்கப் பங்காளிகளுக்கு எந்தக் குரலும் இருக்கவில்லை.

கொடை என்ற இந்த நம்பிக்கை ஆப்பிரிக்க அமைச்சர்களுக்கும் வசதியானதே. உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டை ஆய்வுக்கு ஒதுக்குவதென்று தாங்களே ஏற்ற இலக்கை அக்கண்டத்தின் நாடுகள் அனேகமாக எவையும் எட்டாத நிலையில், கொடையாளரின் பெயர் அந்த வெற்றிடத்தை மறைக்கிறது.

பணத்தை ஆப்பிரிக்க நிறுவனங்களுக்கு நேரடியாகக் கொடுத்தால் அங்கே நிர்வகிக்க ஆளில்லை என்ற வாதம் இறுதியில் முன்வைக்கப்படுவதுண்டு. ஆனால் வெல்கம் அறக்கட்டளையும் பிரிட்டன் அரசும் நிதியளித்து 2015இல் தொடங்கிய ‘டெல்டாஸ் ஆப்பிரிக்கா’ திட்டத்தில், ஹராரே, கிலிஃபி, கம்பாலா ஆகிய இடங்களிலுள்ள ஆய்வாளர்களே தலைமையேற்றனர். நிதி நிர்வாகம் நைரோபியிலிருந்து நடந்தது.