கரும்பு டிராக்டரும் பின்னால் நாலு வண்டியும்

"மாதம் இரண்டு தடவை திருவண்ணாமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு அம்மா வீட்டுக்குப் போகிறோம் சார். கார் என் கணவர்தான் ஓட்டுவார். கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். முன்னால் ஒரு டிராக்டர் ஊர்ந்து போகும், அதன் பின்னால் வரிசையாக நாலு வண்டி நிற்கும். இவர் அத்தனையையும் ஒரே மூச்சில் தாண்டுவார். பின் சீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏதாவது சொன்னால், 'உனக்கு ஓட்டத் தெரியுமா?' என்கிறார். நான் என்ன செய்யட்டும்?"

வாசகி ஒருவரின் கேள்வி இது. அவர் சொல்கிற சாலை மூங்கில்துறைப்பட்டு, சங்கராபுரம் வழியாகப் போவது. மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவை தொடங்கிவிட்டால் சுற்றுவட்டாரக் கரும்பு முழுக்க டிராக்டரிலும் லாரியிலும் அந்தப் பக்கம்தான் நகரும். நடுவில் தடுப்பு கிடையாது. போக ஒரு பாதை, வர ஒரு பாதை, அவ்வளவுதான். உங்கள் ஊரில் கரும்புக்குப் பதில் நெல் லோடோ செங்கல் லோடோ இருக்கலாம். சங்கடம் ஒன்றுதான்.

கணவரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதற்கு ஓட்டத் தெரியவேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும்.

டிராக்டர் மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறது. உங்கள் கார் 50-ல் தாண்டுகிறது. முன்னால் டிராக்டர் மட்டும் இருந்தால், அது டிரெய்லரோடு சுமார் 12 மீட்டர். விலகும்போது பின்னால் 15 மீட்டர், திரும்ப இடது பக்கம் வரும்போது முன்னால் 15 மீட்டர், உங்கள் காரின் நீளம் 4 மீட்டர். மொத்தம் 46 மீட்டர். இரண்டு வேகத்துக்கும் வித்தியாசம் 30 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஐந்தரை விநாடியில் வேலை முடிந்துவிடும். அதற்குள் நீங்கள் 76 மீட்டர் ஓடியிருப்பீர்கள். எதிரே 80-ல் ஒரு வண்டி வந்தால் அது 122 மீட்டர் வந்திருக்கும். ஆக, 200 மீட்டர் காலியாகத் தெரியவேண்டும்.

இப்போது அதே டிராக்டருக்குப் பின்னால் ஒரு பஸ், ஒரு வேன், இரண்டு கார். இடையில் எட்டெட்டு மீட்டர் விட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரே மூச்சில் தாண்ட 100 மீட்டருக்கு மேல் கடக்கவேண்டும். 12 விநாடி ஆகும். நீங்களும் எதிரே வருபவரும் சேர்ந்து விழுங்குகிற தூரம் 430 மீட்டருக்கும் மேல். 20-லிருந்து 50-க்கு வேகம் எடுக்கிற விநாடிகளை நான் இதில் சேர்க்கவே இல்லை. குடும்பமும் மூட்டையும் ஏற்றிய சின்ன காரில் அது லேசில் நடக்காது. அதையும் சேர்த்தால் அரை கிலோமீட்டருக்குக் குறையாது.

அரை கிலோமீட்டர் என்றால் கண்ணுக்கு எவ்வளவு? கிலோமீட்டர் கல்லுக்கு நடுவில் 2, 4, 6, 8 என்று எழுதிய குட்டிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். 200 மீட்டருக்கு ஒன்று. டிராக்டர் மட்டும் இருந்தால் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரை காலியாக இருக்கவேண்டும். வரிசையாக இருந்தால் இரண்டரை கல். அந்தச் சாலையில் வளைவு, ஊர், பாலம் எதுவும் குறுக்கிடாமல் இரண்டரை கல் தூரம் தெரிகிற இடங்களை ஒருநாள் சும்மா எண்ணிப் பாருங்கள். கொஞ்சம்தான் தேறும்.

தூரத்தைவிடப் பெரிய சிக்கல், நடுவில் மனசு மாறினால் இறங்க இடம் இல்லாதது. ஒற்றை டிராக்டரைத் தாண்டும்போது எதிரே ஏதாவது தெரிந்தால் பிரேக் போட்டுப் பின்னால் வந்துவிடலாம். வரிசையில் மூன்றாவது வண்டிக்குப் பக்கத்தில் இருக்கும்போது தெரிந்தால்? பஸ்ஸுக்கும் வேனுக்கும் நடுவே எட்டு மீட்டர்தான் இருக்கிறது. நீங்கள் விட்டுவந்த இடத்தைப் பின்னால் வந்தவர் நிரப்பியிருப்பார், அல்லது அவரும் உங்கள் பின்னாலேயே கிளம்பி வந்திருப்பார். "முன்னால் போகிறவருக்குத் தெரியாதா?" என்று நம்பிக் கிளம்புகிற அந்த இரண்டாவது காரைப் போல ஆபத்து வேறில்லை. முன்னவர் பார்த்த காலி இடம் அவருக்கானது. அவர் நுழைந்ததும் அது தீர்ந்துபோகிறது.

வரிசையை முன்னாலிருந்து கழற்றவேண்டும். டிராக்டருக்கு நேர் பின்னால் இருப்பவர் முதலில் போகட்டும். பிறகு அடுத்தவர். அப்படிப் போனால் ஆளுக்கு 200 மீட்டர் வேலைதான். பின்னாலிருந்து ஒருவர் பாய்ந்தால், அதே நேரத்தில் முன்னால் இருக்கிற வேன்காரர் தன் முறை என்று வலப்பக்கம் எடுப்பார். அவர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர கண்ணாடியைப் பார்த்திருக்கமாட்டார்.

"பஸ்காரர் முந்தவே மாட்டேன் என்கிறாரே, அடுத்த ஸ்டாப்பில் நிற்கவேண்டும் என்று நிதானமாகப் போகிறார்" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கேதான் என் கோபம் முந்துகிறவரை விட்டுவிட்டு முந்தாதவர் பக்கம் திரும்புகிறது. முந்தப்போவதில்லை என்று முடிவு செய்தவர் முன்னால் இருக்கிற வண்டியின் பம்பரை ஒட்டிக்கொண்டு ஏன் போகவேண்டும்? 30 மீட்டர் விட்டுப் போனால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பின்னால் வருகிறவர் அவரைத் தாண்டி அந்த இடத்தில் இறங்கி, மூச்சு வாங்கி, பிறகு டிராக்டரைத் தாண்டுவார். ஒரு பெரிய தாவல் இரண்டு சின்னத் தாவல் ஆகிவிடும். நம் சாலைகளில் இடைவெளி விட்டால் ஏமாளி என்று ஒரு நினைப்பு. அதனால் சரம் கட்டிய பூ மாதிரி ஒட்டிக்கொண்டு போகிறோம்.

தாண்டப்பட்டுக்கொண்டிருக்கும்போது வேகத்தைக் கூட்டக் கூடாது என்றும் சாலை விதி சொல்கிறது. இது தெரியாதவர்கள் ஏராளம். தெரிந்தும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்கள் வேறு ரகம்.

வரிசையில் கடைசியில் இருப்பவரும் ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டாம். ஒட்டினால் எதிரே வேனின் பின்கதவுதான் தெரியும். கொஞ்சம் பின்வாங்கினால் சாலை தெரியும். சாலை இடப்பக்கம் வளைகிற இடத்தில் வரிசையின் இடது ஓரமாகப் பார்த்தால் எதிர்ப்பாதை கொஞ்ச தூரத்துக்குத் தெரியும். ஓட்டுபவரைவிட இடது சீட்டில் இருப்பவருக்கு அது நன்றாகத் தெரியும். அங்கே பார்த்துவைத்துக்கொண்டு, கியரைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் பின்னால் எவரும் ஏற்கெனவே கிளம்பிவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வளைவு முடிந்து நேராகிற இடத்தில் விலகலாம். நடுக்கோடு விட்டுவிட்டு இருந்தால்தான் இதெல்லாம். தொடர்கோடு உங்கள் பக்கம் இருந்தால் கிடையாது.

கரும்பு டிராக்டருக்கென்று சில தனிக் கவனங்கள் உண்டு. அது திடீரென்று வலப்பக்கம் திரும்பும், வயலுக்கோ எடைமேடைக்கோ. இண்டிகேட்டர் வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். டிரைவர் கையை நீட்டினாலும் கரும்புச் சுமை மறைத்துவிடும். சாலையில் கரும்புத் தோகை சிதறிக் கிடந்தால், மண் தடம் வலப்பக்கம் இறங்கினால், ஆலை வாசல் பக்கத்தில் இருந்தால், அங்கே தாண்டவேண்டாம். சுமை இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு வரும் என்பதால் உரசிக்கொண்டு போகவும் கூடாது.

லாரிக்காரர் இண்டிகேட்டர் போட்டு வழி சொல்கிறாரே, அதை நம்பலாமா? இடது இண்டிகேட்டர் போட்டால் "நீ போ" என்று சிலர் வைத்திருக்கிறார்கள். வேறு சிலர் வலது போட்டு அதையே சொல்கிறார்கள். அவர் நிஜமாகவே திரும்பப்போகிறாராகவும் இருக்கலாம். அது ஒரு தகவல், அவ்வளவுதான். கண்ணால் பார்க்காமல் அதை வைத்துக் கிளம்பக் கூடாது.

பலரும் யோசிக்காத ஒன்று: வலப்பக்கக் கிளைச் சாலை. அங்கிருந்து பைக்கில் ஒருவர் வந்து, தன் இடப்பக்கமாகத் திரும்பிச் சாலையில் சேரப்போகிறார். அவர் தன் வலப்பக்கம் மட்டும்தான் பார்ப்பார். அவருடைய பாதையில் வண்டி வரவேண்டியது அங்கிருந்துதானே. நீங்கள் அதே பாதையில் அவருக்கு இடப்பக்கமிருந்து பாய்ந்து வருகிறீர்கள். அவர் மேல் ஒரு தவறும் கிடையாது. கிளைச் சாலை இருக்கிற இடத்தில் காலியாகத் தெரிந்தாலும் காலி இல்லை.

இரவில் நான் சொன்ன கணக்கு எதுவும் செல்லாது. வெளிச்சத்தை வைத்துத் தூரம் கண்டுபிடிக்க முடியாது. ஒற்றை விளக்கு பைக்காக இருக்கலாம், ஒரு பக்க விளக்கு போன லாரியாகவும் இருக்கலாம். இரவில் வரிசை இருந்தால் வரிசையிலேயே போங்கள்.

நஷ்டம் எவ்வளவு? ஐந்து கிலோமீட்டர் முழுக்க டிராக்டரின் பின்னாலேயே போனால் 15 நிமிடம். 50-ல் போயிருந்தால் 6 நிமிடம். வித்தியாசம் ஒன்பது நிமிடம். ஒன்பது நிமிடம் ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன், வெயிலில் பிள்ளைகள் அழும்போது அது நீளம்தான். ஆனால் சட்டமும் கணக்குப் பார்க்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதிக்குப் புறம்பாக முந்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில் அபாயகரமாக ஓட்டுவதாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. முதல் தடவைக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இனி அந்த வாசகிக்கு. அம்மா, கார் வலப்பக்கம் ஏறிய பிறகு ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். "ஐயோ" என்ற ஒரு சொல் அவர் காலை பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் நடுவில் நிறுத்திவிடும். வீட்டில், சாப்பிட்டு முடித்த பிறகு பேசுங்கள். "மெதுவாப் போங்க" என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது. "ஒரு தடவைக்கு ஒரு வண்டிங்க, இறங்க இடம் தெரிஞ்சாத்தான்" என்று ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். அடுத்த பயணத்தில் அந்த 200 மீட்டர் கற்களை எண்ணுகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எவ்வளவு தூரம் காலியாக இருக்கிறது என்று பின் சீட்டிலிருந்து அவர்கள் கத்துவார்கள். மனைவி சொன்னால் கோபப்படுகிற அப்பாக்கள், எட்டு வயது மகள் "அப்பா, ஒரு கல்லுதான் தெரியுது" என்றால் சிரித்துக்கொண்டே பின்வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்தை அவர் போனுக்கும் அனுப்பலாம். ஓட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும் வேண்டாம்.