சகேயுவின் கணக்கும் எங்கட கணக்கும்

ஞாயிறு பாடசாலையில் நாங்கள் கேட்ட சகேயு, காட்டத்தி மரத்தில் ஏறின குள்ள மனுசன். கதை பெரும்பாலும் மரத்தோடயே முடிஞ்சிடும். ஆனால் லூக்கா 19இல் அவர் இறங்கி வந்து கணக்குப் பார்க்கிறார்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலு மடங்கு. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு.

யாழ்ப்பாணத்தில் கலியாணப் பேச்சு வந்தால் எங்கட வீடுகளும் கணக்குப் பார்க்கும். வீடு, காணி, நகை; அதற்கு மேல் மாப்பிள்ளை வீட்டுக்கு இனாம். ஜெபத்தோடு தொடங்கும் பேச்சு தொகையில் முடியும்.

“தங்கச்சிக்குக் குடுக்க வேணுமே, வாங்காமல் என்ன செய்யிறது?” என்பார்கள். அது பொய்யில்லை. ஒரு வீட்டில் வாங்கினதுதான் அடுத்த வீட்டுக்குப் போகுது. ஆனாலும் பெண் வீட்டார் மறுத்தால் கலியாணம் நிற்கும். மாப்பிள்ளை மறுத்தால் இனாம் மட்டும்தான் நிற்கும். ஆகவே முதலில் வாய் திறக்க வேண்டியது பெடியன்கள்தான்.

ஆலயத்தில் கிட்டார் வாசிப்பதும் வாலிபர் முகாமுக்குப் போவதும் நல்லதுதான். அதில் எங்களுக்கு நட்டமில்லை. அம்மா அப்பாவிடம் மரியாதையாய் “எனக்கு வேண்டாம்” என்று சொல்லி, தங்கச்சிக்காகச் சொந்தமாய் உழைக்கத் துணிவதுதான் சீடத்துவம்.