போற கரண்ட் சரி... வர்ற வழி எங்கே பாஸ்?

ஸ்பீக்கர் பக்கத்துல பழைய பட்டன் போனை வெச்சா, கால் வர்றதுக்கு முன்னாடியே 'டிட்டிட்... டிட்டிட்'னு ஒரு சத்தம் கேட்கும், கவனிச்சிருக்கீங்களா? ஜி.எஸ்.எம். போன், செகண்டுக்கு சுமார் 217 தடவை விட்டு விட்டு சிக்னல் அனுப்பும். ஸ்பீக்கர் ஒயர் அதை ஆன்டெனா மாதிரி பிடிச்சுக்கும். ஒரு கருவி அடுத்த கருவியைத் தொல்லை பண்ணக்கூடாது; அடுத்தது கொடுக்கிற தொல்லைக்கு அசரவும் கூடாது. இதுதான் ஈ.எம்.சி!

எனக்கு இந்தப் பாடத்தை நடத்தினது, ஓமலூர் பக்கம் மாமா தோட்டத்து போர்வெல் மோட்டார். டைம் முடிஞ்சதும் மோட்டாரை நிறுத்துற போர்டு ஒண்ணு செஞ்சேன். வீட்ல பல்பு வெச்சுப் பார்த்தப்ப சூப்பர். தோட்டத்துல மாட்டினா, கான்டாக்டர் 'டக்'னு விடுற ஒவ்வொரு தடவையும் மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட். உடனே மோட்டார் மறுபடி ஆன்!

"ஏன் மாப்ள, உன் பொட்டிக்கு நிறுத்தவே தெரியாதா?"ன்னு மாமா சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை. தண்ணி இல்லாத போர்ல மோட்டார் ஓடினா காயில் கருகிடும். செலவு அவர் தலையில.

மூணு நாள் புரோகிராமையே நோண்டினேன். கோளாறு போர்டுல! காயில்ல ஓடுற கரண்ட்டை சட்டுன்னு வெட்டினா வோல்டேஜ் எகிறும், பொறி பறக்கும். அந்தத் தொல்லையை என் போர்டு வாரிக் குடிச்சிருக்கு. ஏன்னா, சிக்னல் கோடுகளை அழகா போட்டுட்டு, மிச்சம் கிடைச்ச இடத்துல கிரவுண்டை ஊரைச் சுத்தி இழுத்திருந்தேன்.

போன கரண்ட் திரும்பி வந்தே ஆகணும். அதிர்வெண் அதிகமானா, போன கோட்டுக்கு நேர் கீழேயே திரும்பத்தான் அது பார்க்கும். அங்கே வழி இல்லைன்னா பெரிய வளையமா சுத்தும். வளையம்னா ஆன்டெனா. தொல்லையை வாங்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும்.

கொடுக்கிறதுக்கும் கணக்கு இருக்கு. வீட்டுக் கருவிகளுக்கு அமெரிக்காவோட எஃப்.சி.சி. வெச்சிருக்கிற வரம்பு, 3 மீட்டர் தூரத்துல, 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை, மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட். ஒரு மீட்டர் கேபிள்ல 50 மெகாஹெர்ட்ஸ்ல வெறும் 5 மைக்ரோ ஆம்பியர் கசிஞ்சாலே ஃபெயில்! ஐரோப்பாவுல 1996-லிருந்து ஈ.எம்.சி. விதி கட்டாயம். நம்ம பக்கம் இதைச் சோதிக்க சென்னை தரமணியில சமீர் லேப் இருக்கு. அங்கே போறதுக்கு முன்னாடி நம்ம டேபிள்லயே செய்யக்கூடியவை:

* ரெண்டு லேயர் போர்டுல, கீழ் லேயர் முழுக்க கிரவுண்ட். நடுவுல வெட்டாதீங்க.

* ஒவ்வொரு ஐ.சி.யோட பவர் பின்னை ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.

* ரிலே ஒரு ஓரம், கிரிஸ்டல் ஐ.சி. பக்கம்.

* டி.சி. ரிலே காயிலுக்கு டயோடு, ஏ.சி. கான்டாக்டர் காயிலுக்கு ஸ்னப்பர். அதை எலெக்ட்ரீஷியனை வெச்சு மாட்டுங்க.

* ஏ.எம். ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்துல வெச்சு போர்டு பக்கம் கொண்டுபோங்க. இரைச்சல் எகிறுற இடம்தான் குற்றவாளி.

ரெண்டாவது போர்டு மாட்டியாச்சு. புரோகிராம்லயும் ஒரு திருத்தம்: ரீசெட் ஆனா மோட்டார் ஆஃப்ல தான் இருக்கணும். முதல்லயே அப்படி எழுதியிருக்கணும், அது என் தப்பு. இப்போ கான்டாக்டர் 'டக்'குங்குது, போர்டு அசையலை.

"பொட்டிக்கு நிறுத்தத் தெரிஞ்சிருச்சு மாப்ள!" - மாமா கொடுத்த சர்டிஃபிகேட்!