எட்டாவது நகர்வு யாருடையது?

1997 மே 11. நியூயார்க்கில் செஸ் வீரர் காஸ்பரோவுக்கும் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினிக்கும் ஆறாவது, கடைசி ஆட்டம். கறுப்பில் ஆடிய காஸ்பரோவ் ஏழாவது நகர்வில் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். கணினி உடனே குதிரையைப் பலிகொடுத்து அவருடைய ராஜாவின் அரணை உடைத்தது. 19 நகர்வுகளில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்தக் குதிரைப் பலி கணினி கணக்குப் போட்டுக் கண்டது அல்ல; மனிதர்கள் முன்கூட்டியே அதன் தொடக்க ஆட்டப் புத்தகத்தில் ஏற்றி வைத்தது.

அப்படியானால் வென்றது கணினியின் கணக்கா, புத்தகமா? புத்தகத்தைப் பிடுங்கிவிட்டால் விடை கிடைக்கும் என்று தோன்றும். அது மட்டும் போதாது. புத்தகமில்லாமல் ஆடவிட்டால் செஸ் நிரல்கள் ஒன்றிரண்டு பாதைகளிலேயே சுற்றிவரும். 2017 டிசம்பரில் ஆல்பாஸீரோ என்ற செஸ் நிரல், ஸ்டாக்ஃபிஷ் என்ற நிரலை 100 ஆட்டங்களில் 28 வென்று, 72 சமன் செய்து வீழ்த்தியபோது, ஸ்டாக்ஃபிஷுக்குப் புத்தகம் தரவில்லையே என்ற குறை எழுந்தது. அடுத்த ஆண்டு வெளியான விரிவான ஆய்வில், புத்தகம் தந்தும், குறித்து வைத்த தொடக்க நிலைகளிலிருந்தும் ஆடவைத்துப் பார்த்தார்கள். அப்போதும் ஆல்பாஸீரோவே வென்றது. அந்த வெற்றிக்கு மதிப்பு கூடியது.

இப்படிக் குறித்த நிலைகளிலிருந்து நிரல்களை ஒப்பிடுவதற்காக, இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் ஜான் நன் அதற்கு முன்பே பத்துத் தொடக்க நிலைகளைத் தேர்ந்து தந்திருந்தார். ஒவ்வொன்றிலும் இரு நிரல்களும் வெள்ளையில் ஒருமுறை, கறுப்பில் ஒருமுறை ஆட வேண்டும். ஆக 20 ஆட்டங்கள். நிலை ஒருபக்கம் சாய்ந்திருந்தாலும் அந்தச் சாதகம் இருவருக்குமே கிடைத்துவிடும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த நியாயம் உடனே புரியும்: ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டு ரகங்களை ஒப்பிடும்போது ஒன்றை ஆற்றோர வண்டலிலும் இன்னொன்றைக் கல்லுமேட்டிலும் நட்டுப் பால் அளந்தால் யார் ஒப்புவார்கள்?

நம் பிள்ளைகளை மட்டும் அப்படித்தான் அளக்கிறோம். ஈப்போ நகரில் கட்டணம் கட்டிப் பயிலும் பிள்ளை பன்னிரண்டு நகர்வுகளை மனப்பாடமாக வைத்துக்கொண்டு வந்து உட்காருகிறது. சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் செஸ் சொல்லித் தருகிறேன். அங்கே ஒரு சிறுமி போட்டிக்குப் போனால் பத்து நகர்வுக்குள் ராணியைப் பறிகொடுத்துவிடுவாள். அவளிடமே, குதிரையும் மூன்று சிப்பாய்களும் மிஞ்சிய நிலையைப் பலகையில் அடுக்கிக் கொடுத்தால், ராஜாவை நடுவுக்கு நடத்தி வந்து, எதிராளியின் சிப்பாயை மறித்து நிறுத்திவிட்டு, அதன்பிறகே குதிரையைத் தொடுவாள். இதை நான் சொல்லித் தரவில்லை. போட்டியின் புள்ளிப் பட்டியலில் இந்தத் திறமைக்கு இடமே இல்லை.

தொடக்க ஆட்டம் படிப்பது வீண் என்று சொல்லவில்லை, படிக்கத்தான் வேண்டும். ஆனால் பத்து வயதில் அது பெரும்பாலும் பெற்றோரின் வசதியையே காட்டுகிறது. ஆகவே தொடக்கப்பள்ளிப் போட்டிகளை நடத்துவோரிடம் என் வேண்டுகோள்: ஒரு பிரிவையாவது, எட்டு நகர்வு முடிந்த நிலையை அச்சிட்டுக் கொடுத்து, நிறம் மாற்றி இரண்டிரண்டு ஆட்டங்களாக நடத்துங்கள். கூடுதல் செலவு சில தாள்களும் கொஞ்ச நேரமும்தான். இயந்திரத்துக்குக் காட்டும் நேர்மை தோட்டத்துப் பிள்ளைக்கும் உரியது.