நூலக வரிப் பணம் எங்கே?

உறையூரில் தறி நெய்கிறவர், சுருட்டுச் சுற்றுகிறவர், ஆலைக்குப் போகிறவர், சுற்றுவட்டாரக் கிராமங்களில் நாற்று நடுகிறவர் எல்லோருமே வருஷா வருஷம் ஒரு வரி கட்டி வருகிறோம். கட்டுகிறோம் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அதன் பெயர் நூலக வரி. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் தனியே சேர்த்து வசூலிக்கிறார்கள். இரண்டாயிரம் ரூபாய் வரி கட்டும் வீட்டிலிருந்து இருநூறு ரூபாய் நூலகத்தின் பெயரால் போகிறது. வாடகை வீட்டில் இருப்பவர் தப்பிவிட்டார் என்று எண்ண வேண்டாம். வீட்டுக்காரர் அதைத் தம் கைக்காசில் கட்டுவதில்லை. வாடகையில் சேர்த்து வாங்கிவிடுகிறார்.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு சர்க்கார் சொத்து வரியை உயர்த்திற்று. 600 சதுர அடிக்குட்பட்ட சிறு வீட்டுக்குக்கூட நூற்றுக்கு 25 ஏறியது. நூலக வரி சொத்து வரியின் தோளிலே சவாரி செய்வது. ஆகவே அதுவும் கூடவே ஏறியது. வரி ஏறியது, சரி. நம் தெரு நூலகத்தின் அலமாரியில் புத்தகம் ஏறியதா? நாற்காலி கூடியதா? நூலகருக்குச் சம்பளம் ஏறியதா?

பணத்தைக் கொடுத்தவர்கள் நாம். ஆகவே கேட்கிறோம்: இந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது? இடையிலே யார் கை மறிக்கிறது?

சட்டம் சொல்வது என்ன?

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் என்ற நூலக அறிஞர், படிப்பு என்பது பணக்காரன் வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடக்கக் கூடாது என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர். அவரும் அவரைப் போன்றோரும் பல ஆண்டுகள் பாடுபட்டதன் பலனாக, டி. எஸ். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் பிறந்த முதல் பொது நூலகச் சட்டம் இதுதான். 1950-ல் அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி மூன்று விஷயங்களில் இருக்கிறது. ஒன்று, நூலகத்துக்கென்று தனி வரி. இரண்டு, அந்த வரியை வாங்கிச் செலவிட ஜில்லாதோறும் ஒரு நூலக ஆணைக்குழு, அதற்கென்று ஒரு தனி நிதி. மூன்று, அந்த ஆணைக்குழுவில் ஸ்தல ஸ்தாபனங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். சென்னை நகரம் நீங்கலாக மற்ற ஜில்லாக்களில், வரியாக வசூலான தொகைக்குக் குறையாமல் சர்க்காரும் தன் பங்கைத் தரவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

ஏன் இப்படி வகுத்தார்கள்? பள்ளிக்கூடமோ நூலகமோ, மந்திரியின் தயவில் நின்றால் ஒரு வருஷம் பணம் வரும், மறுவருஷம் வராது. வரி சட்டத்தால் வந்து, அதைச் செலவிடும் கை மக்களின் கையாக இருந்தால், யாரும் நிறுத்த முடியாது. கல்விக்கும் கலைக்கும் பொதுப் பணத்தை நிர்வகிக்க ஓர் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு மாதிரி எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. மாதிரியைத் தேடி நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை.

ஆனால் நடப்பது என்ன?

வரியை வசூலிப்பது நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சி. வசூலித்ததை ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டியதும் அவைதான். ஒப்படைக்கிறார்களா? தமிழ்நாட்டில் பல ஜில்லாக்களில் இந்தப் பாக்கி ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடக்கிறது. பத்திரிகைகள் எழுதின, ஊழியர் சங்கங்கள் மனுக் கொடுத்தன. நூலகத்துக்கென்று ரசீது போட்டு வாங்கிய பணம் சாக்கடைக்கும், விளக்குக்கும், வேறு சில்லறைச் செலவுக்கும் போகிறது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிற வேலை இது.

“ஸ்தல ஸ்தாபனத்தின் கஜானா காலி, என்ன செய்வது?” என்று கேட்பார்கள். சாக்கடையும் தேவைதான், யார் மறுத்தார்கள்? சாக்கடைக்குப் பணம் இல்லையென்றால் கோட்டையில் போய்க் கேளுங்கள், டில்லியில் போய்க் கேளுங்கள். நூலக வரி உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். அடைக்கலப் பொருளைச் செலவழித்துவிட்டு வறுமையைக் காரணம் சொல்லக்கூடாது.

இனி ஆணைக்குழுவின் கதை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் உட்கார வேண்டிய இடத்தில், ஆணைக்குழுவே அமைக்கப்படாமல், தனி அலுவலர் ஒருவரின் கையெழுத்தில் காரியம் நடந்த காலங்கள் நீளமானவை. வரி கட்டுகிறவனுக்கு அங்கே குரல் இல்லை. புத்தகம் வாசிக்கிறவனுக்கு நாற்காலி இல்லை. எத்தனை ரூபாய் வந்தது, எத்தனை ரூபாய் பாக்கி, எந்தப் புத்தகம் யாரிடம் வாங்கப்பட்டது என்று நூலகத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இதன் விளைவை யார் சுமக்கிறார்கள்? தமிழ்நாட்டின் பொது நூலகங்கள் ஏறத்தாழ 4,600. கிராம ஊராட்சிகளோ சுமார் 12,500. அந்த நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகம் என்றும், பகுதி நேர நூலகம் என்றும் பெயர் பெற்றவை அனேகம். ஊர்ப்புற நூலகர் சிறப்புக் காலமுறைச் சம்பளம் என்ற பெயரில் குறைந்த கூலிக்கு உழைக்கிறார். பெருக்குவது, புத்தகம் அடுக்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர் ஒருவரே.

2006 முதல் 2011 வரை அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுப்பினார்கள். நல்ல காரியம். ஆனால் அதை நடத்த நிலையான நிதி வைக்கவில்லை. பார்த்துக்கொள்கிறவருக்குச் சொற்ப மதிப்பூதியம். பல ஊர்களில் அந்தக் கதவுகளில் பூட்டுத் தொங்கியது. சுவர் எழுப்பினால் போதாது, வருஷா வருஷம் பணம் வரும் வாய்க்காலும் வெட்ட வேண்டும் என்பதற்கு அந்தப் பூட்டுகளே சாட்சி.

திருச்சியில் 290 கோடி ரூபாயில் காமராஜர் பெயரால் பெரிய நூலகம் கட்டுவதாகச் சர்க்கார் அறிவித்தது. வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் நாள் முழுதும் தறியில் குனிந்தவன் பஸ் ஏறிப் போய் மாளிகையில் படிக்க மாட்டான். அவனுக்கு வேண்டியது தன் தெருமுனையில், வேலை முடிந்து வரும் நேரத்திலும் திறந்திருக்கும் ஒரு கிளை நூலகம். மாளிகைக்குப் பணம் உண்டு, கிளைக்குப் பாக்கி என்றால் அது யாருக்கான கல்விக் கொள்கை?

“இப்போது யார் படிக்கிறார்கள்?”

சிலர் சிரிக்கிறார்கள். “எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, இனி நூலகம் எதற்கு?” என்கிறார்கள். இவர்கள் காலையில் ஒரு கிளை நூலகத்துக்குள் எட்டிப் பார்க்கட்டும். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அங்கே உட்கார இடமில்லாமல் நிற்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளைகள்? ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து எழும் வீட்டுப் பிள்ளைகள். மேசையும் மின்விசிறியும் அமைதியும் அவர்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

உழைப்பாளிக்குப் படிப்பு வேண்டாம் என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டாம். 1931-ல் மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார். வண்டி வந்த ஊரில் மக்கள் புத்தகத்துக்குக் கை நீட்டினார்கள்.

உறையூர்ச் சுருட்டுத் தொழிலாளருக்கு இன்னொரு செய்தி. கடல் கடந்த கியூபா நாட்டில் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிலாளர்கள் 1865-ல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். நாமெல்லாம் சுற்றிக்கொண்டிருப்போம், ஒருவர் உரக்கப் பத்திரிகையும் புத்தகமும் வாசிக்கட்டும், அவர் கூலியை நம் கூலியிலிருந்து கொடுப்போம் என்றார்கள். தங்கள் காசில் தாங்களே வைத்துக்கொண்ட கல்வி நிதி அது. மறு ஆண்டே, 1866-ல், நாட்டை ஆண்ட ஸ்பானிய அதிகாரம் அதைத் தடை செய்தது. ஏன் பயந்தார்கள்? கை சுருட்டுச் சுற்றும்போது மூளை சிந்திக்கத் தொடங்கிவிடும் என்றுதான். இன்று நம்மைத் தடை செய்ய உத்தரவு வேண்டியதில்லை. வரியை வாங்கி வைத்துக்கொண்டு நூலகத்தைப் பட்டினி போட்டால் போதும்.

இன்னும் சிலர், “கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து புத்தகம் தரும்” என்கிறார்கள். கம்பெனி கொடுப்பது தானம். தானம் கொடுக்கிறவன் எந்தப் புத்தகம் என்பதையும் தானே தீர்மானிப்பான். நாம் வரி கட்டியிருக்கிறோம். நமக்குத் தானம் வேண்டாம், பாத்தியதை வேண்டும்.

டில்லியின் இரண்டு பாடங்கள்

பண மூட்டை யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை டில்லி நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

முதல் பாடம்: பள்ளிக் கல்விக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. பி. எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடு, புதிய கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள், பிறகு பணம் என்றது. 2025 மே மாதத்தில் தமிழ்நாடு சர்க்கார் உச்ச நீதிமன்றத்தின் படி ஏற வேண்டியதாயிற்று. நம் வரிப் பணத்தைக் கொண்டே நம் பிள்ளைகளின் கழுத்தை நெரிக்க முடியும் என்று காட்டினார்கள்.

இரண்டாவது பாடம்: 1956 சட்டப்படி அமைந்த பல்கலைக்கழக மானியக் குழு, பெயருக்கேற்ப, மானியம் தந்து வந்தது. 2017-ல் உயர்கல்வி நிதி முகமை என்று இன்னொன்றைத் தொடங்கினார்கள். கல்வி மந்திரிசபையும் கனரா வங்கியும் கூட்டுச் சேர்ந்த கம்பெனி அது. அது கட்டடத்துக்கும் கருவிக்கும் தருவது மானியமல்ல, கடன்! பத்தாண்டுக்கு மேற்பட்ட தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் அசல் முழுவதையும் சொந்த வருவாயிலிருந்தே திருப்பிக் கட்ட வேண்டும் என்பது விதி. 1964-ல் தொடங்கிய நம் துவாக்குடித் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் அந்த வகையில்தான் சேரும். கல்லூரிக்குச் சொந்த வருவாய் எது? பெரும்பகுதி மாணவன் கட்டும் கட்டணம். அசல் கட்ட வேண்டிய பாரம் இறுதியில் யார் தலையில் இறங்கும் என்பதை உழைப்பாளி வீட்டுத் தாய் தகப்பனுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, “பொது அமைப்பு” என்று பெயர்ப்பலகை தொங்கினால் மட்டும் போதாது. பணம் சட்டப்படி தானே வருகிறதா, யாரேனும் பிடித்து வைக்க முடியுமா, மானியமா கடனா, கணக்கைப் பார்க்க நமக்கு உரிமை உண்டா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளில் தேறக்கூடிய சட்டம் நம்மிடமே இருக்கிறது. அதை நடத்தாமல் வைத்திருப்பதுதான் குற்றம்.

நாம் கேட்பவை

ஒன்று: வரி ரசீது கிழிக்கப்படும்போதே நூலகப் பங்கு நேரே ஆணைக்குழுவின் கணக்கில் சேர வேண்டும். நகராட்சியின் கஜானாவுக்குள் நுழையவே கூடாது.

இரண்டு: ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் வைத்திருக்கும் பழைய பாக்கியைப் பட்டியல் போட்டு வெளியிட்டு, கெடு வைத்துக் கட்ட வேண்டும்.

மூன்று: எல்லா ஜில்லாக்களிலும் ஆணைக்குழு அமைய வேண்டும். அதில் வாசகர்களுக்கும், தொழிற்சங்கங்களுக்கும், விவசாயத் தொழிலாளர்களுக்கும், பெண்களுக்கும் தேர்தலால் வரும் இடம் வேண்டும்.

நான்கு: ஆறு மாதத்துக்கொரு முறை வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு நூலகச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும்.

ஐந்து: ஊர்ப்புற நூலகர்களுக்கு முழுச் சம்பளமும் பணி நிரந்தரமும் வேண்டும். பூட்டிய நூலகங்கள் திறக்கப்பட வேண்டும்.

இவை தாமாக வந்துவிடா. கிராமத்துத் தோழர்களே, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 தேதிகளில் கிராம சபை கூடுகிறது. எழுந்து நின்று கேளுங்கள்: நம் ஊராட்சி வசூலித்த நூலக வரி எவ்வளவு? ஒப்படைத்தது எவ்வளவு? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நகரத்துத் தோழர்களே, உங்கள் பகுதி சபையில் இதே கேள்வியைப் போடுங்கள். வாய் திறக்க மறுத்தால், 2005-ன் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது; பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு. ஒரு தெருவுக்கு ஒரு மனு போனால் போதும், எந்த அலுவலகமும் அதைக் குப்பையில் போட முடியாது.

வேலியே பயிரை மேய்கிறது. விரட்ட வேண்டியவர்கள் பயிருக்குச் சொந்தக்காரர்கள். இந்த வாரமே ரசீதை எடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டுங்கள், சங்கக் கூட்டத்தில் வையுங்கள். கணக்குக் கேட்போம், கணக்கு வரும்வரை விடமாட்டோம்!